சொன்னது போய்ச் சேர்ந்ததா? வார்டுக்குப் புதிதாக வரும் டாக்டர்களுக்கு

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ எச்.ஓ.வாக, அதாவது பயிற்சி மருத்துவராக, முதல் போஸ்டிங் தொடங்கும் எவருக்கும் இருக்கும் பயம், பிரானுலா (நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) போட வருமா, ரத்தம் எடுக்க வருமா என்பதுதான். அது சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். நான்கு நான்கு மாதமாக ஆறு போஸ்டிங், இரண்டு ஆண்டு முடிந்த பிறகும் சிலருக்குக் கைவராமல் போவது பேச்சு. தெரிந்த ஒரு விஷயம் தெரிய வேண்டியவரிடம் போய்ச் சேராததால் நோயாளிக்குக் கேடு வருவதை எந்த வார்டிலும் பார்க்கலாம். தனக்கு மேலுள்ள மருத்துவ அதிகாரியான எம்.ஓ.விடம் சொல்லியாச்சு என்று எச்.ஓ. நினைத்திருப்பார். எம்.ஓ. அதை வேறு கட்டில் என்று எடுத்துக்கொண்டிருப்பார். நோயாளியின் குறிப்பேடான பி.எச்.டி.யில் எழுதியாச்சு என்று விட்டிருப்பார்கள், மருந்து போட வேண்டிய நர்ஸ் அந்தப் பக்கத்தைத் திருப்பியே இருக்க மாட்டார்.

அதனால் ஒரே ஒரு பழக்கத்தை முதல் நாளிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லி முடித்ததும் பேச்சு முடிவதில்லை. கேட்டவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகுதான் முடிகிறது. கீழே வருவதெல்லாம் இதை எங்கே, எப்படிச் செய்வது என்பதுதான்.

பெயரைக் கேளுங்கள், நீங்கள் சொல்லாதீர்கள்

ஒரே வார்டில் இரண்டு லெட்சுமி, மூன்று சுப்பிரமணியம் இருப்பது இங்கே சாதாரணம். அடையாள அட்டையான ஐ.சி.யில் ஒருவர் பெயர் லெட்சுமி என்றும் இன்னொருவர் பெயர் லெட்சிமி என்றும் இருக்கும். "நீங்கதானே லெட்சுமி?" என்று கேட்டால், காது மந்தமான பாட்டி தலையாட்டிவிடுவார். டாக்டர் கேட்கிறாரே என்ற மரியாதைக்காகவே ஆமாம் என்பவர்களும் உண்டு. "உங்க முழுப் பேரு சொல்லுங்கம்மா, அப்பா பேரோட" என்று கேளுங்கள். வரும் பதிலை மணிக்கட்டுப் பட்டையில் உள்ள பெயரோடும் ஐ.சி. எண்ணோடும் ஒப்பிடுங்கள். ரத்தம் எடுக்கும் முன், ரத்தம் ஏற்றும் முன், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன், ஒவ்வொரு தடவையும். ரத்தக் குழாயில் பெயர் எழுதுவதும் கட்டில் பக்கத்திலேயே நடக்க வேண்டும். மேசைக்குப் போய் எழுதலாம் என்று நான்கு குழாய்களைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும்போதுதான் மாறிப்போகிறது.

அழைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். 55 வயது அம்மாவைப் பாட்டி என்றால் முகம் சுருங்கும். அம்மா, ஐயா என்பது யாரையும் புண்படுத்தாது. மலாய் நோயாளிகளைப் பாக்சிக், மாக்சிக் என்றோ, இன்னும் மரியாதையாக என்சிக், புவான் என்றோ கூப்பிடலாம். சீனப் பெரியவர்களுக்கு அங்கிள், ஆண்டி போதும். தமிழில் பேசும்போது யாரானாலும் "நீங்க" தான். தோட்டத்தில் பால் மரம் வெட்டிய தாத்தாவானாலும் சரி, விலங்கோடு போலீஸ் அழைத்து வந்த இளைஞனானாலும் சரி.

முதல் இரண்டு நிமிடம் அவருடையது

1984-இல் பெக்மன், ஃப்ராங்கல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடிகளில் டாக்டர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று பதிவு செய்தார்கள். 2002-இல் சுவிட்சர்லாந்தில் 335 நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேசவிட்டுப் பார்த்தபோது, சராசரியாக 92 வினாடிகளில் அவர்களே பேசி முடித்தார்கள். ஐந்தில் நான்கு பேருக்கு இரண்டு நிமிடமே போதுமாக இருந்தது. கேஸ் கிளார்க் செய்யும்போது, அதாவது நோய் விவரத்தைக் கேட்டு எழுதும்போது, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "என்ன செய்யுதுன்னு முதல்லேர்ந்து சொல்லுங்க" என்று கேட்டு, இரண்டு நிமிடம் வாயைத் திறக்காமல் இருங்கள். அதற்குப் பிறகு மூன்று கேள்விகள்: இது எதனால வந்திருக்கும்னு நினைக்கிறீங்க? எதை நினைச்சுப் பயமா இருக்கு? இங்க வந்ததுல என்ன நடக்கணும்னு எதிர்பார்க்கிறீங்க?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். நெஞ்சு வலி என்று வந்தவர் உண்மையில் கேட்க வந்தது, நாளை லாரி ஓட்டலாமா என்பதாக இருக்கலாம். மருத்துவ விடுப்புச் சான்றான எம்.சி.தான் வேண்டும் என்றால் அதுவும் இங்கேயே தெரிந்துவிடும். கொடுக்க முடியாது என்றால் காரணத்தை முகத்துக்கு நேராக, அமைதியாகச் சொல்லுங்கள்.

தமிழ் நோயாளிகள் சொல்வதை அப்படியே ஆங்கிலத்தில் பி.எச்.டி.யில் எழுதிவிடக் கூடாது. "மயக்கமா வந்துச்சு" என்றால் தலை சுற்றியதா, கண் இருட்டியதா, நினைவு தப்பி விழுந்தாரா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கீழே விழும்போது யார் பக்கத்தில் இருந்தார், எவ்வளவு நேரத்தில் எழுந்தார் என்பதும் வேண்டும். "நெஞ்சு கரிக்குது", "காத்து அடைச்சிருக்கு" என்பதைக் கேட்டதும் வாயு மருந்து எழுதிவிடாதீர்கள். வியர்த்ததா, நடந்தால் கூடுகிறதா, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா என்று கேட்டு ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும். இளம்பெண்ணின் மாமியார் "முழுகாம இருக்கா" என்று சொன்னால் அந்தப் பெண் கர்ப்பமாக இருக்கிறார் என்று பொருள். எக்ஸ்ரேவுக்கு அனுப்பும் முன் இது தெரிந்திருக்க வேண்டும். கர்ப்பமா என்பதை மாமியாரை வெளியே அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணிடமே கேட்பது இன்னும் நல்லது.

மொழி புரியாத இடத்தில், பினாங்கின் ஹொக்கியன் பாட்டியோ கோலாலம்பூர்க் கட்டுமானத் தளத்திலிருந்து வந்த நேபாளத் தொழிலாளியோ, மொழி தெரிந்த நர்ஸையோ ஊழியரையோ கூப்பிடுங்கள். நோயாளியின் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பத்து வயதுச் சிறுமி தன் தாயின் ரத்தப்போக்கை விளக்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது. ஒரு தடவைக்கு ஒரு வாக்கியம்தான் பேசுங்கள், பார்வை நோயாளியின் மேல் இருக்கட்டும்.

வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு விளக்குவது

"புரிஞ்சுதா?" என்ற கேள்வியால் பயனே இல்லை. எல்லாரும் புரிஞ்சுது என்றுதான் சொல்வார்கள். இன்சுலின் தொடங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டுக்கு 30 நிமிடத்துக்கு முன் போட வேண்டிய ஆக்ட்ராபிட். "சாப்பாட்டுக்கு முன்னால" என்று மட்டும் சொன்னால், தட்டை வைத்துக்கொண்டு போடுபவரும் உண்டு, ஊசியைப் போட்டுவிட்டுப் பாசாருக்குப் போய் வந்து பசியாறுபவரும் உண்டு. இரண்டாமவர் வழியிலேயே சர்க்கரை இறங்கி விழுவார். இப்படிச் சொல்லுங்கள்: "காலைல எத்தனை மணிக்குப் பசியாறுவீங்க? எட்டு மணின்னா, ஊசி ஏழரைக்கு. போட்டுட்டு வீட்டை விட்டு வெளிய போகக் கூடாது." பிறகு, "நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும். வீட்டுல கேட்டா எப்படிச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். சோதிக்கப்படுவது உங்கள் விளக்கம்தான் என்பது அவருக்குத் தெரிந்தால் கூச்சப்படாமல் சொல்வார். தவறாகச் சொன்னால் அதே வாக்கியத்தை உரக்கத் திரும்பச் சொல்வதில் பயனில்லை, வேறு விதமாகச் சொல்லிப் பாருங்கள். ஒரு தடவையில் மூன்று விஷயத்துக்கு மேல் வேண்டாம்.

இன்சுலினுக்கு அந்த மூன்று: எப்போது போடுவது, எங்கே வைப்பது, நடுக்கமும் வியர்வையும் வந்தால் என்ன செய்வது. கடைசியானதற்கு அளவோடு சொல்லுங்கள்: ஒரு மேசைக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி குத்திப் பார்ப்பது, சர்க்கரை 4 mmol/L-க்குக் கீழே இருந்தால் இன்னொரு தடவை குடிப்பது. சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது "இனிப்பைக் குறைங்க" என்பதோடு நிறுத்தினால் வீட்டில் கேசரி மட்டும்தான் நிற்கும். ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் தே தாரிக், மைலோ ஐஸ் என்று கேளுங்கள். அதைத் தே ஓ கோசோங்காக (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) மாற்றச் சொல்வது அவர் நாளைக்கே மாமாக் கடையில் செய்யக்கூடிய காரியம்.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் வார்டிலும் கிளினிக்கிலும் தமிழ் நோயாளிகளிடம் கட்டாயம் கேட்க வேண்டியவை இரண்டு. விரதமா, நாளைக்கு எத்தனை வேளை சாப்பாடு? செருப்பில்லாமல் நடக்கப் போகிறீர்களா? ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுச் சர்க்கரை மாத்திரையான கிளிக்லசைடை வழக்கம்போல் விழுங்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். கால் மரத்துப்போனவர் பத்துமலையின் 272 படிகளிலோ, பினாங்குத் தண்ணீர்மலைச் சாலையில் உடைத்த தேங்காய் ஓடுகள் மேலோ நடந்தால், வெட்டுப்பட்டது அவருக்கே தெரியாது. புண்ணோடு வருவது இரண்டு வாரம் கழித்துத்தான். "போகக் கூடாது" என்று சொல்லும் டாக்டரிடம் அடுத்த வருடம் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். மருந்தின் அளவையும் நேரத்தையும் எம்.ஓ.விடம் கேட்டு மாற்றிக் கொடுங்கள். கனமான காலுறை போடுவது பற்றிப் பேசுங்கள். இரவு வீடு திரும்பியதும் வேறொருவர் விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். நோன்பு மாதத்துக்கு முன் மலாய் நோயாளிகளிடமும் இதே பேச்சு வேண்டும்.

டெங்கியில் சொல்ல வேண்டியது குறைவு, ஆனால் அதைத் தவறாகச் சொன்னால் உயிர் போகும். காய்ச்சல் விட்டால் குணமாகிவிட்டது என்பதுதான் எல்லாத் தாயின் கணக்கும். டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான், அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில், ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும். வீட்டுக்கு அனுப்பும் குழந்தையின் தாயிடம் இப்படிச் சொல்லலாம்: "காய்ச்சல் விட்ட அந்த ரெண்டு நாள்தான் நல்லா கவனிக்கணும். வயிறு வலி, விடாத வாந்தி, பல் ஈறுலயோ மூக்குலயோ ரத்தம், துவண்டு படுத்துக்கிறது, ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகாம இருக்கிறது. இதுல ஒண்ணு வந்தாலும் ராத்திரின்னு பார்க்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்குக் கொண்டாங்க." பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பப்பாளி இலைச் சாறு கொடுக்கிறோம் என்றால் திட்டாதீர்கள். திட்டினால் மறைப்பார்கள், வேறு என்ன கொடுத்தார்கள் என்பதும் தெரியாமல் போகும். தண்ணீரும் பரிசோதனை நாளும் தவறக் கூடாது என்பதில் உறுதியாக நில்லுங்கள்.

இரவு இரண்டு மணிக்கு எம்.ஓ.வுக்கு ஃபோன்

அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி, கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகள் வழியாக உலகெங்கும் பரவிய ஒரு வரிசை இருக்கிறது: நிலைமை, பின்னணி, உங்கள் கணிப்பு, உங்கள் வேண்டுகோள். முதலில் நீங்கள் யார் என்பது. பேச்சு ஆங்கிலத்திலோ மலாயிலோ நடக்கும், வரிசை மாறாது. வரிசையில் வேண்டுகோள் கடைசி என்றாலும், தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு அது முதல் வாக்கியத்திலேயே ஒருமுறை காதில் விழுந்துவிட வேண்டும்.

"டாக்டர், நான் 7-ஆம் வார்டு எச்.ஓ. கட்டில் 12-இல் பி.பி. 88/52-க்கு இறங்கிவிட்டது, நீங்கள் வந்து பார்க்க வேண்டும். 62 வயது ஆண், இனிப்பு நீர், வலது கால் புண்ணுக்காக நேற்றுச் சேர்ந்தவர். இதயத் துடிப்பு 124, காய்ச்சல் 38.9, மூச்சு நிமிடத்துக்கு 28, மூக்கு வழி 3 லிட்டர் ஆக்சிஜனில் 91 விழுக்காடு. நான்கு மணி நேரத்தில் சிறுநீர் 40 மில்லி. செப்சிஸ் என்று நினைக்கிறேன். இரண்டு பெரிய பிரானுலா போட்டாச்சு, கல்ச்சர் எடுத்தாச்சு, 500 மில்லி சலைன் ஓடுகிறது. ஆன்டிபயாட்டிக் மாற்ற வேண்டுமா? எத்தனை நிமிடத்தில் வருவீர்கள்?"

இது ஒரு நிமிடத்துக்குள் முடியும். எண்ணை அழுத்தும் முன் பி.எச்.டி., மருந்துத் தாள், கடைசி ரத்த முடிவுகள், பேனா எல்லாம் கையில் இருக்க வேண்டும். எம்.ஓ. என்ன கேட்பார் என்பதையும் முன்பே யோசியுங்கள். பொட்டாசியம் 6.4 என்று சொல்லப் போகிறீர்கள் என்றால், ஈ.சி.ஜி. எடுத்தாச்சா, ரத்த அணுக்கள் குழாயில் உடைந்துபோயிருந்தனவா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். "பேஷன்ட் கொஞ்சம் சரியில்ல டாக்டர்" என்று தொடங்கினால் கேட்பவருக்கு அவசரமா இல்லையா என்றே தெரியாது. எரிச்சல் வருவது அங்கிருந்துதான்.

ஆணை வந்தால் எழுதிக்கொண்டே திருப்பிச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், அளவு, வழி, எத்தனை மணிக்கு ஒருமுறை. ஆங்கிலத்தில் 15-ம் 50-ம் ஃபோனில் ஒன்றுபோலவே கேட்கும். "ஒன்று, ஐந்து" என்று இலக்கமாகப் பிரித்துச் சொல்லி உறுதி செய்யுங்கள். மைக்ரோகிராமா மில்லிகிராமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின் எழுதும்போது யூனிட் என்பதை முழுச் சொல்லாக எழுதுங்கள். ஒற்றை ஆங்கில எழுத்தாகச் சுருக்கினால் அது சுழியமாகப் படிக்கப்பட்டு 4 யூனிட் 40 ஆகிவிடும்.

எம்.ஓ. ஃபோன் எடுக்கவில்லை, அல்லது "காலையில் பார்க்கலாம்" என்கிறார், உங்களுக்கோ நெஞ்சு படபடக்கிறது. இன்னொரு முறை தெளிவாகச் சொல்லுங்கள்: "எனக்குக் கவலையாக இருக்கிறது, இந்த நோயாளி பாதுகாப்பான நிலையில் இல்லை என்று நினைக்கிறேன்." அதற்கும் அசையவில்லை என்றால் அடுத்த எம்.ஓ., அதற்கு மேல் ஆன்-கால் ஸ்பெஷலிஸ்ட். திட்டு விழுமே என்று தயங்கி நிற்கும் அரை மணி நேரம் நோயாளியின் நேரம். எத்தனை மணிக்கு யாரைக் கூப்பிட்டீர்கள், என்ன சொன்னார் என்பதை உடனே எழுதிவிடுங்கள்.

நர்ஸ்களோடு

இருபது ஆண்டுகளாக வார்டில் இருக்கும் சிஸ்டருக்கு, நேற்று வந்த எச்.ஓ.வைவிட நோயாளியின் முகம் தெரியும். "டாக்டர், அந்த பாக்சிக் ஒரு மாதிரியா இருக்காரு" என்று சொன்னால் எழுந்து போய்ப் பாருங்கள். எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் போய்ப் பாருங்கள். போய்ப் பார்த்ததில் ஒன்றும் இல்லை என்றால் "சொன்னதுக்கு நன்றி காக்" (மலாயில் அக்கா) என்று சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த தடவை சொல்ல மாட்டார்.

ரவுண்டு முடிந்ததும் அவசர ஆணைகளைக் காகிதத்தோடு விட்டுவிடாமல் அந்தக் கட்டிலின் நர்ஸைத் தேடிப்போய் வாயாலும் சொல்லுங்கள்: இந்தக் கட்டில், இந்த மருந்து, இத்தனை மணிக்குள். அவர் திருப்பிச் சொல்லட்டும். வார்டு உதவியாளரான பி.பி.கே.யிடம் நோயாளியை ஸ்கேனுக்கு அனுப்பும்போது ஆக்சிஜன் வேண்டுமா, யார் கூடப் போகிறார் என்பதையும் சொல்லுங்கள். தமிழ் நர்ஸோடு தமிழில் பேசுவது இயல்புதான், ஆனால் மலாய், சீன ஊழியர்கள் சுற்றி நிற்கும்போது நோயாளியைப் பற்றிய பேச்சை எல்லாருக்கும் தெரிந்த மொழியில் வையுங்கள். பக்கத்தில் நின்றவர் கேட்டிருந்தால் தடுத்திருக்கக்கூடிய தவறு அப்படித்தான் நழுவிப் போகிறது.

ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் பாஸ் ஓவரில் கட்டில் வரிசைப்படி ஒன்றிலிருந்து தொடங்கினால் ஆபத்தானவர் கடைசியில் வருவார், அதற்குள் கேட்பவர் களைத்திருப்பார். மோசமானவர்களை முதலில் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று: என்ன நோய், இந்த ஷிஃப்டில் செய்ய வேண்டியது, எது நடந்தால் யாரைக் கூப்பிடுவது. "ரத்த முடிவு பாருங்க" என்பது அரைகுறை. "பத்து மணிக்கு வரும் ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருந்தால் எம்.ஓ.வைக் கூப்பிடுங்க" என்பதுதான் முழுச் செய்தி.

கெட்ட செய்தி

புற்றுநோய் என்று முதன்முதலாகச் சொல்வது ஸ்பெஷலிஸ்டின் வேலை. எச்.ஓ.வின் வேலை கூட இருப்பது, என்ன சொல்லப்பட்டது என்று கேட்டுக்கொள்வது, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து "டாக்டர் சொன்னதுல என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்பது. அதிர்ச்சியில் இருந்தவர் முதல் சொல்லுக்குப் பிறகு ஒன்றுமே கேட்டிருக்க மாட்டார்.

இரவில் மரணச் செய்தியைச் சொல்வது உங்கள் தலையில் வந்து விழலாம். ஃபோனை நண்பரிடம் கொடுத்துவிட்டு, ஒரு நர்ஸைக் கூட்டிக்கொண்டு, எல்லாரும் உட்காரக்கூடிய இடத்துக்குப் போங்கள். யார் யார் என்ன உறவு என்று கேளுங்கள். "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று தொடங்குங்கள். "ஒரு கஷ்டமான செய்தி சொல்லணும்" என்று ஒரு வரி, ஒரு மூச்சு இடைவெளி, பிறகு "அப்பா இறந்துட்டாரு." தவறிட்டாரு என்றாலும் நம் மக்களுக்குத் தெளிவாகப் புரியும். "நிலைமை கைமீறிப் போச்சு" என்று சுற்றினால் இன்னும் உயிர் இருப்பதாக நினைத்து ஐ.சி.யு. கேட்பார்கள். சொன்ன பிறகு பேசாதீர்கள். அழட்டும். அவர்கள் முதல் கேள்வியைக் கேட்கும்வரை மருத்துவ விளக்கம் வேண்டாம். உடலை எப்போது தருவார்கள் என்பது தமிழ்க் குடும்பங்கள் விரைவில் கேட்கும் கேள்வி, ஏனென்றால் தகனத்துக்கு நேரம் பார்க்க வேண்டும். அதற்கான படிவங்கள், இறந்தவரின் ஐ.சி. பற்றி நர்ஸிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்று மகன் தாழ்வாரத்தில் கையைப் பிடித்துக் கேட்பார். பாசத்தில் கேட்கிறார், மறுத்துத் தள்ளாதீர்கள். எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். பிறகு, "நானா போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா அவரே நேரா கேட்டா பொய் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு ஸ்பெஷலிஸ்டுக்குத் தெரிவியுங்கள். அப்பாவிடம் கேட்க வேண்டியது: "உங்க உடம்பைப் பத்தி எல்லாம் உங்ககிட்டயே சொல்லவா, இல்ல பிள்ளைங்ககிட்ட சொன்னா போதுமா?" அவர் சொல்லும் பதிலை அப்படியே எழுதி வையுங்கள்.

கோபத்தோடு வருபவர்

பார்வையாளர் நேரத்தில் ஒருவர் குரலை உயர்த்தினால், அவருக்குப் பின்னால் பெரும்பாலும் நீண்ட காத்திருப்பும் யாரும் பதில் சொல்லாத ஒரு கேள்வியும் இருக்கும். மற்ற கட்டில்களிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள், ஆனால் கதவுப் பக்கம் நீங்கள் இருங்கள். அவர் முடிக்கும்வரை கேளுங்கள். "காலைலேர்ந்து காத்திருந்தும் யாரும் வந்து சொல்லல, அதான் கோபம். சரியா?" என்று அவர் சொன்னதை அவருக்கே சொல்லுங்கள். வேறு டிபார்ட்மென்டின் மேல் பழியைப் போடாதீர்கள். "எம்.ஓ. பார்த்துச் சொல்வாரு" என்பதற்குப் பதிலாக "அஞ்சு மணிக்குள்ள நான் வந்து சொல்றேன்" என்று நேரம் குறித்துச் சொல்லுங்கள். ஐந்து மணிக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும் போய், ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள். கை ஓங்கினால் பேச்சை விட்டுவிட்டு விலகி, காவலாளியை அழையுங்கள்.

சொந்த விருப்பத்தில் வீட்டுக்குப் போகிறேன் என்று ஏ.ஓ.ஆர். கேட்பவரிடம் படிவத்தை நீட்டும் முன் காரணம் கேளுங்கள். வீட்டில் தனியாக இருக்கும் குழந்தையோ, போகும் தினக்கூலியோ காரணமாக இருக்கும், சில சமயம் சமூகப் பணியாளர் தீர்த்துவைக்கக்கூடியதாகவும் இருக்கும். போயே தீருவார் என்றால் மருந்து, அடுத்த தேதி, திரும்பி வர வேண்டிய அறிகுறிகள் மூன்றையும் கொடுத்தனுப்புங்கள்.

பேசியதை எழுதுவது

முக்கியமான எந்தப் பேச்சுக்கும் பி.எச்.டி.யில் ஐந்து வரி போதும்: தேதி, நேரம், யார் யார் இருந்தார்கள், என்ன சொல்லப்பட்டது, அவர்கள் என்ன கேட்டார்கள், என்ன முடிவு. "குடும்பத்துக்கு விளக்கப்பட்டது" என்ற ஒற்றை வரியால், ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறப்பவருக்கு ஒன்றும் தெரியாது. டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஈ.சி.ஜி. படம் போடும் முன் பெயரும் ஐ.சி. எண்ணும் உள்ள ஒட்டுச்சீட்டைக் கையால் மறைத்து எடுங்கள், கட்டில் எண் போதும். அனுப்பியதும் நீல டிக் வந்துவிட்டதே என்று இருந்துவிடாதீர்கள். அவசரம் என்றால் ஃபோன் எடுத்துப் பேசுங்கள், பேசிய நேரத்தையும் எழுதுங்கள்.